மூன்று நீளங்கள் எப்போது முக்கோணியாகும்? மிலாற்றுக் குச்சியிலிருந்து காணி அளவை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலை மலையில், வெட்டி விழுந்த தேயிலைக் கிளைகளான மிலாறு குவிந்து கிடக்கும் நாட்களில், அடுப்புக்கென்று தலையில் சுமந்து வரும் கட்டிலிருந்து நேரான, பென்சில் தடிப்புள்ள ஐந்து குச்சிகளை உருவி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை 2, 3, 4, 5, 6 அங்குல நீளங்களில் வெட்டி, முனைகளைச் சமமாகச் சீவி வைத்தால், இந்த வழிகாட்டிக்குத் தேவையானவற்றில் பாதி கைக்கு வந்துவிடும். மீதி ஒரு கவராயம், ஓர் அடிமட்டம், கூராகச் சீவிய பென்சில், கோடில்லாத தாள் ஆகியவை மட்டுமே.

நாம் விடை தேடும் கேள்வி இது: மூன்று நீளங்கள் தரப்பட்டால், அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட ஒரு முக்கோணி இருக்க முடியுமா, முடியாதா? “ஒரு முக்கோணியின் எவையேனும் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிதாகும்” என்ற வாக்கியத்தை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதைப் பயன்படுத்தும் இடத்தில் தடுமாறுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் தரம் 8க்குக் கற்பித்தபோது, 5, 5, 10 சென்ரிமீற்றர் நீளங்களைத் தந்து, முக்கோணி அமைய முடியுமா என்று வரைந்து பார்க்கச் சொன்னேன். “அமையாது” என்ற விடையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். இரண்டாம் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சர், எனக்கு வந்திருச்சு” என்றாள். கொப்பியில் உண்மையாகவே ஒரு முக்கோணி இருந்தது. தட்டையானது, ஆயினும் உச்சி தெளிவாகத் தெரிந்தது, உயரம் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இரு பக்கங்களும் 5 என்றே காட்டின. “பிழை, திரும்ப வரை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் பிழை என்று அன்று அவளுக்கு நான் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் எண்ணமும் இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு ஒரு காரணம். அவளுடைய முக்கோணிக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

(நம் பாடநூல்கள் முக்கோணி என்று குறிப்பிடுவதையே தமிழ்நாட்டு நூல்கள் முக்கோணம் என்கின்றன. இங்கே முக்கோணி என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.)

முதலாம் படி: கையால் அமைத்துப் பாருங்கள்

ஐந்து குச்சிகளிலிருந்து எந்த மூன்றை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி எடுப்பதற்கு மொத்தம் 10 வழிகள் உண்டு. ஒவ்வொரு தெரிவையும் மேசையில் முனையோடு முனை பொருந்த வைத்துப் பாருங்கள். நீளமான குச்சியை முதலில் கிடையாக வையுங்கள். பின்னர் மற்ற இரண்டையும் அதன் இரு நுனிகளிலிருந்து எழுப்பி, ஒன்றையொன்று நோக்கிச் சாயவிடுங்கள். அவை சந்திக்கின்றனவா, சந்திக்காமல் விழுகின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழு தெரிவுகள் முக்கோணியாகும்: 2, 3, 4; 2, 4, 5; 2, 5, 6; 3, 4, 5; 3, 4, 6; 3, 5, 6; 4, 5, 6. மூன்று தெரிவுகள் ஆகமாட்டா: 2, 3, 6; 2, 3, 5; 2, 4, 6. இந்த மூன்றும் ஒரே விதமாகத் தோற்பவை அல்ல என்பதைக் கவனியுங்கள். 2, 3, 6 என்பதில் இரு குச்சிகளையும் முழுவதுமாகப் படுக்க வைத்தாலும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி எஞ்சும். மற்ற இரண்டிலும் இடைவெளி இல்லை. குச்சிகள் படுத்த நிலையில், நீளமான குச்சியின் மேலேயே, நுனியோடு நுனி சரியாகத் தொட்டுக்கொள்ளும். தொட்ட பிறகு அவற்றைச் சிறிதும் உயர்த்த முடியாது. உயர்த்தினால் தொடுகை விட்டுவிடும்.

குச்சியில் செய்வதைத் தாளில் செய்வதற்கு முன்னர் செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், சாயும் குச்சி எட்டுகிறதா எட்டவில்லையா என்பதைக் கண் நேரே காண்பதுதான். அதைக் கண்ட பிள்ளைக்குச் சமனிலி, அதாவது ஒன்று மற்றதைவிடப் பெரிது என்னும் ஒப்பீடு, எழுத்தாக மட்டும் நிற்காது.

இரண்டாம் படி: கணித்துத் தீர்மானியுங்கள்

மூன்று நீளங்களையும் ஒரே அலகுக்கு மாற்றி, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். அவற்றை அ, ஆ, இ என்போம். இ மிகப் பெரியது. அ + ஆ என்பதைக் கூட்டி, அதை இ உடன் ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை பெரிதாயின் முக்கோணி உண்டு. சமமாயினும் சிறிதாயினும் இல்லை. இந்த ஒரே ஒப்பீடு போதும்.

மூன்று சமனிலிகள் தேவையென்று விதி சொல்ல, ஒன்று மட்டும் எப்படிப் போதுமாகிறது? மற்ற இரண்டும் தாமாகவே உண்மையாகிவிடுவதால்தான். இ மிகப் பெரியது. அதனோடு இன்னொரு நீளத்தைச் சேர்த்தால், கிடைக்கும் கூட்டுத்தொகை எஞ்சிய மூன்றாவதைவிடப் பெரிதாகவே இருக்கும். எனவே அ + இ > ஆ, ஆ + இ > அ என்னும் இரண்டையும் சரிபார்ப்பது வீண் வேலை. தோற்கக்கூடிய சமனிலி ஒன்றே ஒன்றுதான், அது மிகப் பெரிய பக்கத்தைப் பற்றியது.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை, நீளங்களை வரிசைப்படுத்தாமல், வினாத்தாளில் முதலில் அச்சாகியிருக்கும் இரண்டைக் கூட்டுவது. “9, 4, 3” என்று தந்தால், 9 + 4 = 13, அது 3ஐவிடப் பெரிது, ஆகவே முக்கோணி அமையும் என்று எழுதிவிடுவார்கள். 3 + 4 = 7, அது 9ஐவிடச் சிறிது என்பதே பார்க்க வேண்டியது. இன்னொரு பிழை அலகில் வரும். 25 மில்லிமீற்றர், 3 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றர் என்று தந்தால், எண்களை மட்டும் பார்த்த பிள்ளை 25ஐப் பெரிய பக்கமாக எடுத்து “அமையாது” என்பான். 25 மில்லிமீற்றர் என்பது 2.5 சென்ரிமீற்றர், 2.5 + 3 = 5.5, அது 5ஐவிடப் பெரிது, முக்கோணி அமையும்.

வர்க்கமூலங்கள் வந்தாலும் வழி மாறாது. √2, √3, 3 என்று தரப்பட்டால் ஏறக்குறைய 1.414 + 1.732 = 3.146, அது 3ஐத் தாண்டுகிறது, மிகச் சிறிய அளவே ஆயினும் தாண்டுகிறது. முக்கோணி உண்டு.

இதே ஒப்பீட்டைச் சுற்றளவின் வழியாகவும் சொல்லலாம்: மிகப் பெரிய பக்கம் சுற்றளவின் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு கயிற்றை வளையமாக முடிந்து மூன்று முளைகளில் மாட்டும்போது, எந்த ஒரு பக்கமும் கயிற்றின் பாதியை எட்டிவிட்டால், மீதிப் பாதி அதன் மீதே படிந்துவிடும், முக்கோணிக்கு இடமில்லை.

மூன்றாம் படி: கவராயத்தால் காரணத்தைக் காணுங்கள்

கவராய அமைப்பை நாம் பெரும்பாலும் படம் வரையும் வழியாக மட்டுமே கற்பிக்கிறோம். உண்மையில் முக்கோணி உண்டா இல்லையா என்ற கேள்விக்கு முழு விடையும் அந்த இரு விற்களுக்குள் இருக்கிறது.

9 சென்ரிமீற்றர் நீளமான கோட்டை வரைந்து, அதன் ஒரு நுனியை மையமாகக் கொண்டு 6 ஆரையுள்ள வில்லையும், மறு நுனியை மையமாகக் கொண்டு 5 ஆரையுள்ள வில்லையும் வரையுங்கள். முதலாம் வில் கோட்டை 6 தூரத்தில் வெட்டும். இரண்டாம் வில் மறுபக்கத்திலிருந்து 5 தூரத்தில், அதாவது முதலாம் நுனியிலிருந்து 4 தூரத்தில் வெட்டும். இரு விற்களும் ஒன்றையொன்று 2 சென்ரிமீற்றர் தாண்டிச் சென்றிருக்கின்றன. ஆகையால் கோட்டுக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் வெட்டியே ஆக வேண்டும். அந்த 2 எங்கிருந்து வந்தது? 6 + 5 − 9. அது நேர் எண்ணாக இருந்தால் விற்கள் வெட்டும், பூச்சியமானால் கோட்டின் மீதே ஒரு புள்ளியில் தொடும், மறை எண்ணானால் சந்திக்கமாட்டா. குச்சிகளில் கண்ட மூன்று நிலைகளும் இவையே.

முக்கோணி இருந்தால் சமனிலி உண்மையாகும் என்பது ஒரு செய்தி. சமனிலி உண்மையானால் முக்கோணி கட்டாயம் இருக்கும் என்பது வேறொரு செய்தி. பாடநூலில் வாசித்த வாக்கியம் முதலாவதை மட்டுமே சொல்கிறது; இரண்டாவதைக் கவராயம் காட்டுகிறது. பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட்டும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்: அவருடைய ‘மூலகங்கள்’ என்ற நூலின் முதலாம் பகுதியில் 20ஆம் தேற்றம் முதலாவதைச் சொல்ல, 22ஆவது இரண்டாவதற்கான அமைப்பைத் தருகிறது.

இனி, அடிக்கோடாகப் பெரிய பக்கத்தை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 3, 4, 9 என்னும் நீளங்களில் 9ஐ அடியாக வைத்தால், 3 ஆரை வில்லும் 4 ஆரை வில்லும் இருபுறமும் எட்டாமல் நிற்கும். 3ஐ அடியாக வைத்து, ஒரு நுனியிலிருந்து 4 ஆரையுள்ள வட்டத்தையும் மறு நுனியிலிருந்து 9 ஆரையுள்ள வட்டத்தையும் முழுமையாக வரைந்து பாருங்கள். இப்போது எட்டாமை என்று எதுவும் தெரியாது. சிறிய வட்டம் பெரிய வட்டத்தின் உள்ளே முழுவதுமாக அடங்கிக் கிடக்கும். சிறிய வட்டத்தில் எந்தப் புள்ளியும் மறு நுனியிலிருந்து 3 + 4 = 7 தூரத்துக்கு அப்பால் போக முடியாது, ஆனால் நமக்கு வேண்டியது 9. தோற்றம் வேறாயினும் தடை ஒன்றே. இதைப் பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது வரைந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால், வட்டங்கள் உள்ளடங்கிய படத்தைக் கண்டவுடன் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி அழித்துவிடுவார்கள்.

எல்லையில் நடப்பது: அந்தப் பிள்ளையின் முக்கோணி

அ + ஆ = இ ஆகும் நிலையில் முக்கோணி இல்லை. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் கிடக்கும், பரப்பளவு பூச்சியம். அப்படியானால் 5, 5, 10 தந்தபோது அவளுடைய கொப்பியில் முக்கோணி எப்படி வந்தது?

கவராயத்தின் ஊசித் துளைக்கும் பென்சில் கோட்டுக்கும் தடிப்பு உண்டு. ஒவ்வொரு வில்லிலும் அரை மில்லிமீற்றர் கூடிவிட்டது என்று வைப்போம். பாடசாலைக் கவராயத்தில் அது எளிதாக நேரும். அப்போது ஆரை 5.05 சென்ரிமீற்றர், அடிக்கோட்டின் பாதி 5 சென்ரிமீற்றர். பைதகரசின் தேற்றப்படி உயரத்தின் வர்க்கம் 5.05² − 5² = 25.5025 − 25 = 0.5025. வர்க்கமூலம் எடுத்தால் உயரம் ஏறக்குறைய 0.71 சென்ரிமீற்றர், அதாவது 7 மில்லிமீற்றர். நான் அன்று அடிமட்டத்தை வைத்து அளந்தபோது கண்ணுக்கு எட்டாத அரை மில்லிமீற்றர், உயரத்தில் பதினான்கு மடங்காக வளர்ந்து நின்றது.

அவள் வரைந்தது பொய்யான படம் அல்ல. அது 5.05, 5.05, 10 பக்கங்களையுடைய உண்மையான முக்கோணி. கேட்கப்பட்ட முக்கோணிதான் அது அல்ல. எல்லையை ஒட்டிய நீளங்களில் படத்தை நம்பித் தீர்மானிக்கக் கூடாது, கூட்டிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இப்போதெல்லாம் இந்தக் கணக்கை வேண்டுமென்றே கொடுத்து, முக்கோணி “வந்த” பிள்ளைகளை முன்னே அழைத்து, உயரத்தை அளக்கச் சொல்லி, அதிலிருந்து ஆரையில் எவ்வளவு கூடியது என்று பின்னோக்கிக் கணிக்க வைக்கிறேன்.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் வர்க்க வித்தியாசத்தில் இருக்கிறது. 5.05² − 5² என்பதை (5.05 − 5) × (5.05 + 5) என்று பிரிக்கலாம். சிறிய வித்தியாசத்தை ஒரு பெரிய கூட்டுத்தொகை பெருக்கிவிடுகிறது. கூரை போடுபவர்கள் இதை எழுதிப் பார்க்காமலே அறிந்திருக்கிறார்கள். 16 அடி அகலமான வீட்டுக்கு இரு சரிவுத் தகரக் கூரை போட, நடு முகட்டில் சந்திக்கும்படி இரு கைமரங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் சரியாக 8 அடியாக இருந்தால் கூரை எழாது, படுத்துவிடும். 8 அடி 1 அங்குலமாக இருந்தால் என்ன ஆகும்? அங்குலத்தில் 97² − 96² = 1 × 193; அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 13.9. ஓர் அங்குல மரம் கூடியதற்கு முகடு ஏறக்குறைய 14 அங்குலம் உயர்ந்துவிடுகிறது. 9 அடியாக எடுத்தால் உயரம் √17, அதாவது 4 அடிக்குச் சற்று மேல். முதல் அங்குலம் தரும் உயரத்தை அடுத்தடுத்த அங்குலங்கள் தருவதில்லை. எங்கள் பக்கத்து மழைக்கு 14 அங்குலச் சரிவு போதுமா என்பது கூரை வேலை தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டியது. எல்லைக்கு மிக அருகில் வைத்த கூரை, மரம் சிறிது தேய்ந்தாலோ பொருத்து நழுவினாலோ வெகுவாக இறங்கிவிடும் என்பதைக் கணிதம் தெளிவாகச் சொல்கிறது.

நான்காம் படி: நிறுவுங்கள்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பாடசாலைக்கு வண்டிப் பாதை மலையைச் சுற்றிப் போகும். பிள்ளைகளோ தேயிலை நிரைகளுக்கிடையே குறுக்குப் பாதையில் ஏறி வந்துவிடுவார்கள். குறுக்குப் பாதை குறைவு என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியிருக்க இதை நிறுவுவது எதற்கு என்ற கேள்வி பழையது. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி புரோக்குளுஸ், எபிகூரஸ் என்ற தத்துவஞானியின் வழிவந்த எபிகூரியர்கள் இந்தத் தேற்றத்தை ஏளனம் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார்: ஒரு மூலையில் கழுதையையும் மறு மூலையில் வைக்கோலையும் வைத்தால், கழுதைகூட இரு பக்கங்களைச் சுற்றாமல் நேரே போகும் என்றார்களாம். புலனுக்குத் தெரிவது வேறு, ஏன் என்று அறிவது வேறு என்பதே புரோக்குளுஸின் மறுமொழி. கழுதைக்குத் தெரிந்ததோடு நின்றிருந்தால், 5, 5, 10 விடயத்தில் நானும் அந்தப் பிள்ளையும் கண்ணையே நம்பி வாதாடிக்கொண்டிருந்திருப்போம்.

நிறுவல் யூக்ளிட்டின் வழியில் இப்படிப் போகிறது. கசப என்ற முக்கோணியை எடுத்து, சக + கப > சப என்று காட்ட வேண்டும். சக என்ற பக்கத்தை க வழியாக நீட்டி, கம = கப ஆகுமாறு ம என்ற புள்ளியைக் குறியுங்கள்; பின் ம, ப ஆகியவற்றை இணையுங்கள். முக்கோணி கமபவில் இரு பக்கங்கள் சமம்; ஆகவே கோணம் கமப = கோணம் கபம. கோணம் சபம என்பது கோணம் சபக, கோணம் கபம ஆகிய இரண்டும் சேர்ந்தது. எனவே அது கோணம் கபமவைவிடப் பெரிது, அதனால் கோணம் சமபவைவிடவும் பெரிது. இப்போது முக்கோணி சபமவைப் பாருங்கள். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்கும். ஆகையால் சம > சப. ஆனால் சம என்பது சக + கம, அதாவது சக + கப. எனவே சக + கப > சப.

இரு பக்கங்களையும் ஒரே நேர்கோடாக நிமிர்த்தி, மூன்றாம் பக்கத்தோடு ஒப்பிட்டதே இந்த நிறுவலின் உயிர். முதலாம் படியில் குச்சிகளைப் படுக்க வைத்தபோது செய்ததும் இதையேதான்.

பாதைகளைப் பற்றி ஒன்று சொல்லி மேலே போகிறேன். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்துக்கு உரிய இந்தச் சமனிலி, மிகக் குறுகிய சாலைத் தூரங்களுக்கும் பொருந்தும். ஓர் ஊர் வழியாகப் போவது நேரே போவதைவிடக் குறுகியதாக இருக்குமானால், அந்த வழியே மிகக் குறுகிய வழியாகிவிடும். ஆனால் சமம் என்பதன் பொருள் மாறிவிடுகிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பிரதான வீதி தலவாக்கலை வழியாகச் செல்வதால், அந்த வீதியில் ஹட்டன்–தலவாக்கலை, தலவாக்கலை–நுவரெலியா தூரங்களின் கூட்டுத்தொகை ஹட்டன்–நுவரெலியா தூரத்துக்குச் சமமாகும். அதைக் கொண்டு மூன்று ஊர்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக எண்ணக்கூடாது. அந்த வீதியின் வளைவுகளில் பயணம் செய்த எவருக்கும் அது தெரியும். சாலைத் தூரங்களை வைத்து ஊர்களின் முக்கோணியை வரையச் சொல்லும் பயிற்சிகளை ஆசிரியர்கள் தவிர்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: மூன்றாம் பக்கத்தின் எல்லைகளைக் காணுங்கள்

இரு பக்கங்கள் தெரிந்து மூன்றாவது தெரியாத போது, அது எவ்வளவுக்கும் எவ்வளவுக்கும் இடையில் இருக்கலாம் என்ற வினா பரீட்சைகளில் வரக்கூடியது. 5, 8 என்ற இரு பக்கங்களை எடுங்கள். மூன்றாவதே மிகப் பெரியதாயின் அது 13ஐவிடக் குறைய வேண்டும். 8 மிகப் பெரியதாயின், மூன்றாவதோடு 5ஐக் கூட்டினால் 8ஐத் தாண்ட வேண்டும். ஆகவே மூன்றாவது 3ஐவிடப் பெரிது. வித்தியாசத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் இடையே, இரு எல்லைகளையும் தொடாமல், மூன்றாம் பக்கம் இருக்கும். முழு எண்கள் மட்டும் என்றால் 4 முதல் 12 வரை 9 விடைகள். சிறிய பக்கத்தை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் இந்த எண்ணிக்கை எப்போதும் கிடைக்கும்: 2 × 5 − 1 = 9. இதன் காரணத்தை, எல்லைகளைக் கழித்து, நீங்களே கண்டுகொள்ளலாம்.

இருசமபக்க முக்கோணியில் ஒரு பொறி உண்டு. “இரு பக்கங்கள் 4, 9, சுற்றளவு என்ன?” என்றால், சமபக்கங்கள் 4, 4 என்று எடுத்து 17 என்றும், 9, 9 என்று எடுத்து 22 என்றும் இரு விடைகளை எழுதுவார்கள். 4 + 4 = 8, அது 9ஐ எட்டவில்லை; 22 மட்டுமே விடை.

ஆறாம் படி: அமையும் முக்கோணி எவ்வகையானது?

முக்கோணி உண்டென்று உறுதியான பின்பு, அதே மூன்று எண்களின் வர்க்கங்கள் அதன் வகையைச் சொல்லும். அ² + ஆ² என்பது இ²க்குச் சமமாயின் செங்கோண முக்கோணி, பெரிதாயின் கூர்ங்கோண முக்கோணி, சிறிதாயின் விரிகோண முக்கோணி. நம் மிலாற்றுக் குச்சிகளின் ஏழு முக்கோணிகளில் 3, 4, 5 மட்டும் செங்கோணம், 4, 5, 6 மட்டும் கூர்ங்கோணம் (16 + 25 = 41, அது 36ஐவிடப் பெரிது); மற்ற ஐந்தும் விரிகோணம். வரிசை முக்கியம்: முதலில் இருப்பு, பின்னர் வகை. 2, 3, 6க்கு வர்க்கங்களைக் கூட்டி “விரிகோணம்” என்று எழுதும் பிள்ளை, இல்லாத முக்கோணிக்கு வகை சொல்கிறது.

ஏழாம் படி: காணி அளவையில் பயன்படுத்துங்கள்

தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு நம் மக்களிடையே நெடுநாளாக உள்ளது. ஒரு துண்டுக் காணியின் பரப்பைத் தாமே சரிபார்க்கத் தெரிந்திருப்பது பயனுள்ளது. ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர். 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 177 சதுர மீற்றர்.

முக்கோண வடிவான துண்டொன்றின் பக்கங்கள் 13, 30, 37 மீற்றர் என்று கொள்வோம். 13 + 30 = 43, அது 37ஐவிடப் பெரிது; முக்கோணி உண்டு. மூன்று பக்கங்களிலிருந்தே பரப்பளவைத் தரும் ஹீரோனின் சூத்திரப்படி, அரைச் சுற்றளவு 40. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 27, 10, 3. 40 × 27 × 10 × 3 = 32400; வர்க்கமூலம் 180. பரப்பளவு 180 சதுர மீற்றர், அதாவது 7.1 பேர்ச்சஸ்.

அளவை எழுதியவர் 37ஐ 47 என்று எழுதிவிட்டால்? 13 + 30 = 43, அது 47ஐவிடச் சிறிது; அப்படி ஒரு காணி இருக்க முடியாது. சமனிலியைப் பார்க்காமல் சூத்திரத்துக்குள் போனாலும் அதுவே தடுத்துவிடும்: அரைச் சுற்றளவு 45, கழித்தால் 32, 15, −2, பெருக்கினால் −43200. மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாமல் கணிப்பான் பிழை காட்டும். அந்தப் பிழைச் செய்தி கணிப்பானின் கோளாறு அல்ல. முக்கோணி இல்லை என்பதை அது தன் மொழியில் சொல்கிறது.

ஆனால் 37ஐ 27 என்று எழுதிவிட்டால் சமனிலி எதையும் கண்டுபிடிக்காது. 13, 27, 30 நல்ல முக்கோணியே. அதன் பரப்பளவு √30800, ஏறக்குறைய 175.5 சதுர மீற்றர், 6.9 பேர்ச்சஸ். முதலாவது 7ஐத் தாண்டியது, இது 7ஐ எட்டவில்லை. ஆகவே சமனிலி சோதனையில் தேறுவது அளவு சரியென்பதற்குச் சான்று ஆகாது. தேறாவிட்டால் மட்டுமே ஒன்று உறுதியாகிறது.

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாடாவை நிலத்தோடு படியவிட்டு அளந்தால், நடுவில் மேடு இருக்கும் பக்கம் உண்மையைவிட நீளமாக வரும். நேர்த்தூரம் 13, 30, 42 ஆன துண்டில், 42 மீற்றர் பக்கத்தை மேட்டின் மீது ஏறி இறங்கி அளந்தால் 44 வரலாம். காணி கண் முன்னே கிடக்க, எண்கள் அது இல்லை என்கின்றன. நில அளவையாளர்கள் நிலத்தோடு படிந்த நீளத்தை எடுக்காமல் கிடைத் தூரத்தையே கணக்கில் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 30 பாகைச் சரிவில் நிலத்தோடு அளந்த 20 மீற்றர், கிடையாக 17.3 மீற்றர் மட்டுமே. ஒவ்வொரு பக்கத்தையும் நாடாவைக் கிடையாக இழுத்துப் பிடித்து, சரிவு அதிகமான இடங்களில் சிறு சிறு படிகளாகப் பிரித்து அளந்து கூட்டுவதே வீட்டில் செய்யக்கூடிய நல்ல வழி.

இன்னும் சற்றுத் தூரம் போக விரும்புவோருக்கு

சுற்றளவு 12 ஆகவும் பக்கங்கள் முழு எண்களாகவும் உள்ள முக்கோணிகள் எத்தனை? பெரிய பக்கம் 6ஐவிடக் குறைய வேண்டும். ஆகவே 2, 5, 5; 3, 4, 5; 4, 4, 4 என்று மூன்று மட்டுமே. சுற்றளவு 11 ஆனால் 1, 5, 5; 2, 4, 5; 3, 3, 5; 3, 4, 4 என்று நான்கு கிடைக்கும். சுற்றளவு குறைய முக்கோணிகள் கூடுவது பிள்ளைகளை வியக்க வைக்கும். 10, 9, 8 என்று தொடர்ந்து எண்ணச் சொன்னால் தாங்களாகவே பட்டியல் போட்டுக் கொண்டு வருவார்கள்.

நாற்பக்கலுக்கும் இதே போன்ற விதி உண்டு: மிக நீளமான பக்கம் மற்ற மூன்றின் கூட்டுத்தொகையைவிடக் குறைய வேண்டும். ஆனால் அங்கே ஒரு பெரிய வேறுபாடு தெரியும். நான்கு மிலாற்றுக் குச்சிகளை முனைகளில் சணல் கயிற்றால் கட்டிப் பிடித்தால், கட்டு எவ்வளவு இறுக்கமாயிருந்தாலும் சட்டம் ஒருபக்கம் சாய்ந்து வடிவம் மாறும். நான்கு நீளங்கள் ஒரு நாற்பக்கலைத் தீர்மானிப்பதில்லை. மூன்றைக் கட்டிப் பிடியுங்கள், அசையாது. மூன்று நீளங்கள் ஒரு முக்கோணியைத் தந்தால், அதே நீளங்களில் வேறெங்கே அமைக்கும் முக்கோணியும் அதனோடு ஒருங்கிசையும், அதாவது ஒன்றன் மீது ஒன்று சரியாகப் பொருந்தும். சாயும் நாற்பக்கல் சட்டத்தின் இரு எதிர் மூலைகளுக்கிடையே ஐந்தாவது குச்சியைக் குறுக்காக வைத்துக் கட்டிப் பாருங்கள். அந்தக் குச்சி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதை ஐந்தாம் படியில் கண்ட எல்லைகள், இருபுறத்து முக்கோணிகளுக்கும் தனித்தனியே கணித்தால், உங்களுக்குச் சொல்லிவிடும்.